“நானே அவர்களை ஆசீர்வதிப்பேன்”: யூத ஜெப ஆலயத்தில் கோஹனிம் ஆசி நடைபெறும் முறை – முழுமையான வழிகாட்டி

எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தின் இறுதியில் வரும் மூன்று வரி ஆசீர்வாதத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நன்கு அறிவார்கள். ஆராதனை முடியும் வேளையில் போதகர் கையுயர்த்திச் சொல்லும் வாசகங்களில் அதுவும் ஒன்று. அதே வரிகள் எபிரேய மொழியில், யூத ஜெப ஆலயத்துக்குள் ஒலிக்கும்போது, காலணியைக் கழற்றுவது முதல் விரல்களுக்கிடையே விடவேண்டிய இடைவெளி வரை விதிக்கப்பட்ட முழுமையான சடங்காக இருப்பதைப் பலர் அறிவதில்லை. இதற்கு ‘பிர்கத் கோஹனிம்’, அதாவது கோஹனிம் (ஆரோன் வழிவந்த ஆசாரியர்கள்) வழங்கும் ஆசி, என்று பெயர். ‘நெசியத் கப்பாயிம்’ (கைகளை உயர்த்துதல்) என்பது இன்னொரு பெயர். கோஹனிம் ஏறி நிற்கும் மேடைக்கு ‘துக்கான்’ என்று பெயர் இருப்பதால், ஐரோப்பிய வழி வந்த அஷ்கெநாசி யூதர்கள் இதைத் தங்கள் யித்திஷ் மொழியில் ‘துக்கனென்’ என்பார்கள்.

இந்த வழிகாட்டி, சடங்கு தொடங்குவதற்கு முந்தைய ஆயத்தத்திலிருந்து முடிவு வரை வரிசையாகச் செல்கிறது. விதிகள் ஏராளம்: 1565இல் வெனிஸில் அச்சான யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அருக்கில் இதற்கென ஒதுக்கப்பட்ட 128ஆம் பிரிவு மட்டும் 45 உட்பிரிவுகளைக் கொண்டது. ஆனால் அவற்றைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒன்று புலப்படும். ஏறக்குறைய ஒவ்வொரு விதியும், ஆசி கூறுபவரின் தனித்தன்மையை மறைத்து, அவரை வெறும் வாய்க்காலாக்கும் நோக்கம் கொண்டதாகவே இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டால், விசித்திரமாகத் தோன்றும் விதிகளும் எளிதில் விளங்கும்.

முதலில், வாசகம்

மூல வாசகம் மூன்று வரிகளைக் கொண்டது:

யெவாரெகெகா அதோனாய் வெயிஷ்மெரேகா.
யாஏர் அதோனாய் பானாவ் ஏலேகா வீஹுன்னேகா.
யிஸ்ஸா அதோனாய் பானாவ் ஏலேகா வெயாசேம் லெகா ஷாலோம்.

இறைவன் உனக்கு ஆசி வழங்கி உன்னைக் காப்பாராக. தம் முகத்தின் ஒளியை உன்மேல் வீசி உனக்கு அருள்வாராக. தம் முகத்தை உன் பக்கம் உயர்த்தி உனக்கு அமைதி தருவாராக என்பது இதன் பொருள். எபிரேயத்தில் முதல் வரிக்கு 3 சொற்கள், இரண்டாவதற்கு 5, மூன்றாவதற்கு 7. எழுத்துகளை எண்ணினால் 15, 20, 25 என்று வரும். சொல்லச் சொல்ல வரி நீண்டுகொண்டே போய் ‘ஷாலோம்’ என்ற சொல்லில் வந்து அமர்வதைக் காதால் கேட்டே உணரலாம். கூட்டத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டாலும், மூன்று வரிகளிலும் ‘உன்’ என்ற ஒருமைதான் வருகிறது.

இதன் பழமைக்குக் கையில் எடுத்துப் பார்க்கத்தக்க சான்று உண்டு. 1979இல் எருசலேமின் கெத்தெஃப் ஹின்னோம் என்னும் இடத்தில் இருந்த கல்லறைக் குகையில், தொல்லியலாளர் கேப்ரியேல் பர்காய் நடத்திய அகழாய்வில், சுருட்டிய நிலையில் இரண்டு சிறு வெள்ளித் தகடுகள் கிடைத்தன. பெரியதை விரித்தபோது நீளம் சுமார் 10 செ.மீ. மட்டுமே இருந்தது. தாயத்தாக அணியப்பட்டிருக்கக்கூடிய அந்தத் தகடுகளில் இந்த ஆசியின் வரிகள் கீறப்பட்டிருந்தன. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்று மதிக்கப்படும் இவை, விவிலிய வாசகம் தாங்கிய பொருள்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை. இன்று எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

வாசகத்தைத் தொடர்ந்து தோராவில் (விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களில்) வரும் வரியே சடங்குக்கு அடிப்படை: “இப்படி அவர்கள் என் பெயரை இஸ்ரயேல் மக்கள்மேல் வைக்கட்டும், நானே அவர்களை ஆசீர்வதிப்பேன்.” சொல்வது கோஹேன், ஆசீர்வதிப்பது இறைவன்.

யார், எப்போது, எங்கே

கோஹேன் (பன்மையில் கோஹனிம்) என்பவர் மோசேயின் அண்ணனாகிய ஆரோனின் வழியில் தந்தைவழி வந்தவராகக் கருதப்படும் ஆண். இவர் ஜெப ஆலயத்தை நடத்தும் ரபி அல்லர். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது நம்மிடையே அடிக்கடி நேரும் பிழை. ரபி என்பது படித்து அடையும் தகுதி. கோஹேன் என்பது பிறப்பால் வருவது. கடைக்காரரோ மருத்துவரோ, கல்வியில் சிறந்தவரோ எழுத்தறிவு குறைந்தவரோ, கோஹேனாக இருந்தால் மேடையேறலாம். கோஹேன், காட்ஸ் போன்ற குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் இந்த மரபைக் காட்டும். பழைய யூதக் கல்லறைகளில் விரல் விரித்த இரு கைகள் செதுக்கப்பட்டிருந்தால், அங்கே புதைக்கப்பட்டவர் கோஹேன் என்று அறியலாம். பிராகு நகரின் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தில் இந்தச் சின்னத்தைக் காணலாம்.

எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் அன்றாடப் பலியையொட்டி இந்த ஆசி கூறப்பட்டது. அங்கே இறைவனின் நான்கெழுத்துப் பெயர் எழுதப்பட்டபடியே உச்சரிக்கப்பட்டதாகவும், கைகள் தலைக்கு மேல் உயர்த்தப்பட்டதாகவும், ஆலயத்துக்கு வெளியே மாற்றுப் பெயர் சொல்லித் தோளளவுக்கே கை உயர்த்தப்பட்டதாகவும் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. கி.பி. 70இல் ஆலயம் அழிந்த பிறகு பலியிடல் நின்றுபோனது. ஆசாரியர்களின் ஆலயப் பணிகளில் ஜெப ஆலயத்துக்குள் அன்றாட உருவோடு வந்துசேர்ந்தது இந்த ஆசிதான்.

எத்தனை முறை என்பது ஊருக்கு ஊர் மாறும். இஸ்ரேலின் பெரும்பகுதியிலும், செபார்தி (ஸ்பெயின் வழி வந்த), மிஸ்ராஹி (மத்திய கிழக்கு வழி வந்த) சமூகங்கள் பலவற்றிலும் இது நாள்தோறும் காலைத் தொழுகையில் நடைபெறுகிறது. இஸ்ரேலுக்கு வெளியே வாழும் அஷ்கெநாசிகளிடம் பெசாக், ஷாவுவோத், சுக்கோத், ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் ஆகிய திருநாள்களில், ‘முஸாஃப்’ என்னும் கூடுதல் தொழுகையின்போது மட்டுமே நடைபெறும். 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவ் நகரில் வாழ்ந்த ரபி மோசே இஸெர்லெஸ் இதற்குச் சொன்ன காரணம் மனத்தைத் தொடுவது: மகிழ்ச்சியான மனமுடையவரே ஆசி கூற வேண்டும், மற்ற நாள்களில் மக்கள் பிழைப்பைப் பற்றிய கவலையிலும், வேலைக்குப் போகும் அவசரத்திலும் இருக்கிறார்கள். ஏழ்மைப்பட்ட கிழக்கு ஐரோப்பிய யூதத் தெருக்களை நினைத்துப் பார்த்தால் இது வெறும் சாக்கு அல்ல என்று தோன்றும். ஆனால் தோரா கட்டளையிட்ட ஒன்றைக் கவலையின் பெயரால் ஆண்டில் சில நாள்களுக்குச் சுருக்கியது சரியா என்ற கேள்வியைப் பின்வந்த அறிஞர்களும் எழுப்பாமல் இல்லை.

பிற்பகல் தொழுகையில் இது வழக்கமாக இல்லை. நண்பகல் உணவோடு கோஹேன் திராட்சை மது அருந்தியிருக்கலாம் என்பதே காரணம், ஏனெனில் மது அருந்தியவர் மேடையேறக் கூடாது. நோன்பு நாளில் அந்த ஐயம் எழாததால் பிற்பகலிலும் நடைபெறுவதுண்டு. தோரா வாசிப்பின் ஆண்டுச் சுற்று முடிவதைக் கொண்டாடும், மதுக்கிண்ணம் தாராளமாகச் சுழலும் சிம்ஹாத் தோரா நாளில், அஷ்கெநாசி ஆலயங்கள் பல, முஸாஃபுக்கு வைக்காமல் காலைத் தொழுகையிலேயே இதை முடித்துவிடுகின்றன. சட்டம் மனிதர்களை நன்றாகத்தான் அறிந்திருக்கிறது.

தொழுகைக் கூட்டத்தில் குறைந்தது பத்துப் பேர் இருக்க வேண்டும். அந்தப் பத்தில் கோஹனிமும் அடங்குவர்.

முதல் படி: காலணியும் கைகழுவலும்

தொழுகையை நடத்துபவர் ‘அமிதா’ என்னும் நின்று சொல்லும் தொழுகையை உரக்கத் திரும்பச் சொல்லத் தொடங்கும் நேரத்தையொட்டி, கோஹனிம் ஒவ்வொருவராக வெளியேறுவார்கள். காலணிகளைக் கழற்றிக் கண்ணில் படாத இடத்தில் வைப்பார்கள். காலணியோடு மேடையேறக் கூடாது என்ற இந்த விதியை ஆலய அழிவுக்குப் பின் ஏற்படுத்தியவர் அக்கால யூத அறிஞர் ரபான் யோஹனான் பென் ஸக்காய். நாம் கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல இது தூய்மையையோ பணிவையோ மட்டும் கருதியது என்று எண்ணிவிடலாம். மிஷ்னாவையும் அதன்மேல் எழுந்த விவாதங்களையும் கொண்ட நூலான தல்மூத் தரும் விளக்கம் வேறு. மேடையில் நிற்கும் ஒருவருடைய செருப்பு வார் அறுந்து, அதைக் கட்ட அவர் உட்கார்ந்துவிட்டால், மற்றவர்கள் ஆசி கூறும்போது அவர் மட்டும் கூறாமல் இருப்பதைப் பார்ப்பவர்கள், அவருடைய பிறப்பில் ஏதோ குறை இருப்பதால்தான் விலகிவிட்டார் என்று பேசத் தொடங்குவார்கள். ஒரு மனிதனின் மானம் செருப்பு வாரில் தொங்கக் கூடாது என்பதற்காக எல்லாரும் வெறுங்காலுடன் அல்லது காலுறையுடன் ஏறுகிறார்கள்.

அடுத்தது கைகழுவல். லேவி குலத்தவர் குவளையிலிருந்து நீர் ஊற்ற, கோஹனிம் மணிக்கட்டு வரை கைகளைக் கழுவுகிறார்கள். பழைய ஆலயத்தில் லேவியர் கோஹனிமுக்குத் துணை நின்ற முறையின் எச்சம் இது. லேவியர் இல்லையென்றால் தலைமகனாகப் பிறந்த ஒருவர் நீர் ஊற்றுவார்.

உடல்நலக்குறைவு போன்ற காரணத்தால் மேடையேற விரும்பாத கோஹேன் இந்தச் சமயத்திலேயே கூடத்தை விட்டு வெளியே நின்றுகொள்ள வேண்டும். உள்ளே இருந்துகொண்டு, அழைப்பு வந்தபின் ஏறாதிருப்பது கட்டளையை மீறுவதாகும்.

இரண்டாம் படி: மேடையேறுதல்

அமிதாவின் இறுதிப் பகுதியில் ‘ரெத்ஸே’ என்று தொடங்கும் வேண்டல் வரும். ஆலயப் பணி மீண்டும் வரவேண்டும் என்று கேட்பது அது. அந்த நேரத்தில் கோஹேன் தன் இடத்திலிருந்து காலெடுத்து வைத்திருக்க வேண்டும். அப்போது அசையாதவர் பின்னர் ஏற முடியாது. மேடையில் அவர்கள் தோராச் சுருள்கள் உள்ள பேழையை நோக்கி, மக்களுக்கு முதுகு காட்டி, நன்றி கூறும் ‘மோதிம்’ வேண்டல் முடியும் வரை காத்திருப்பார்கள்.

மூன்றாம் படி: அழைப்பும் முன்னுரையும்

தொழுகையை நடத்துபவர் அல்லது அதற்கென அமைந்த ஒருவர், “கோஹனிம்!” என்று அழைப்பார். ஒரே ஒரு கோஹேன் இருந்தால் இந்த அழைப்பு கிடையாது. அவர் தாமாகவே திரும்ப வேண்டும்.

அழைப்பு வந்ததும் அவர்கள் சொல்லும் முன்னுரை, ஆரோனின் புனிதத்தால் எங்களைப் புனிதப்படுத்தி, தம் மக்களாகிய இஸ்ரயேலை “அன்போடு” ஆசீர்வதிக்குமாறு கட்டளையிட்டவர் வாழ்த்தப்படுக என்ற பொருளுடையது. பேழையை நோக்கித் தொடங்கி, வலப்புறமாகச் சுழன்று மக்களை நோக்கியபடி அதை முடிப்பார்கள். கட்டளையை நிறைவேற்றுவதற்கு முன் சொல்லும் முன்னுரைகள் யூத மரபில் நூற்றுக்கணக்கில் இருந்தும், ‘அன்போடு’ என்று செய்யும் மனநிலையையே கட்டளைக்குள் சேர்ப்பது இங்கே தனித்து நிற்கிறது. கூட்டத்தோடு பகை கொண்ட கோஹேன் கை உயர்த்தக் கூடாது என்ற விதியும் இதிலிருந்தே வருகிறது.

நான்காம் படி: கைகள்

தொழுகைச் சால்வையைத் தலைக்கும் முகத்துக்கும் மேலாக இழுத்துக்கொண்டு, அதற்குள் கைகளைத் தோளளவு உயர்த்தி, வலக்கையைச் சற்று மேலே வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கையிலும் விரல்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நடுவே பிளவு விடும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஓர் இடைவெளி. இரு கட்டைவிரல்களுக்கு நடுவே ஒன்று. ஆக ஐந்து இடைவெளிகள். உன்னதப்பாட்டில், காதலன் பலகணிகளின் ஊடாக எட்டிப் பார்க்கிறான் என்று வரும் வரியை இதோடு இணைத்துச் சொல்வார்கள்: கைகள் பலகணி, பார்ப்பவர் வேறொருவர்.

இந்தக் கையமைப்பை யூதரல்லாத கோடிக்கணக்கானோர் அறிந்திருப்பதற்குக் காரணம் ஒரு நடிகர். லெனர்ட் நிமோய் சிறுவனாக இருந்தபோது பாஸ்டன் நகர ஜெப ஆலயம் ஒன்றில், பார்க்கக் கூடாது என்று சொல்லப்பட்டும் திருட்டுத்தனமாகப் பார்த்தவர். அந்தக் கையின் வடிவத்தையே 1967இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் தாம் நடித்த ஸ்பாக் என்னும் பாத்திரத்தின் வணக்கமாக்கினார். அவர் ஒரு கையை, திறந்த முகத்தோடு காட்டினார். ஜெப ஆலயத்தில் இரு கைகளும் முகமும் மூடப்பட்டிருக்கும்.

ஐந்தாம் படி: சொல்லுக்குச் சொல்

கோஹனிம் வாசகத்தைத் தாமாகச் சொல்வதில்லை. பதினைந்து சொற்களையும் அறியாதவர் அங்கே எவரும் இருக்கமாட்டார் என்றாலும், நடத்துபவர் ஒரு சொல்லை எடுத்துக்கொடுக்க, அதைக் கேட்ட பிறகே அவர்கள் உரக்கத் திரும்பச் சொல்ல வேண்டும். முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொடுப்பதா, அவர்களே தொடங்குவதா என்பதில் வழக்கங்கள் வேறுபடுகின்றன. வரி முடியுந்தோறும் மக்கள் “ஆமேன்” என்பார்கள். யெவாரெகெகா, வெயிஷ்மெரேகா, ஏலேகா, வீஹுன்னேகா, மீண்டும் ஏலேகா, லெகா, ஷாலோம் ஆகிய ஏழு சொற்களின்போது, எல்லாப் பக்கமும் ஆசி சேரும் பொருட்டு, கோஹனிம் இரு பக்கமும் மெல்லத் திரும்புவார்கள்.

அஷ்கெநாசி ஆலயங்களில் ஒவ்வொரு வரியின் இறுதிச் சொல்லுக்கு முன் கோஹனிம் சொல்லற்ற நீண்ட இராகம் ஒன்றை இழுப்பார்கள். அந்த இடைவேளையில் மக்கள், தாம் கண்ட கனவுகள் நன்மையாக முடியவேண்டும் என்ற பழைய மன்றாட்டைத் தமக்குள் சொல்வார்கள். தல்மூதின் பெராகோத் பகுதியில் வரும் மன்றாட்டு அது: “நான் உம்முடையவன், என் கனவுகளும் உம்முடையவை, கனவு கண்டேன், அது என்னவென்று அறியேன்.” பொருள் விளங்காத கனவோடு விழித்தெழுந்த எவருக்கும் இந்த வரி அந்நியமாகத் தோன்றாது.

கூட்டத்தில் இருப்பவர் செய்யவேண்டியவை

விருந்தினராகச் சென்றிருப்பவர் உட்பட, எல்லாரும் எழுந்து, கோஹனிம் இருக்கும் திசையை நோக்கி அமைதியாக நிற்பது வழக்கம். கைகளையோ முகத்தையோ உற்றுப் பார்க்கக் கூடாது. கண்ணைத் தாழ்த்தினால் போதும். பார்த்தால் கண் குருடாகும் என்று குழந்தைகளை மிரட்டும் பேச்சுக்கு, ஆலய காலத்தில் கோஹனிமைப் பார்ப்பவரின் கண் மங்கும் என்ற தல்மூத் கூற்று வேராக இருந்திருக்க வேண்டும். இன்று சொல்லப்படும் காரணம் எளிது: கவனம் சிதறக் கூடாது. தந்தையர் தம் சால்வையை விரித்துப் பிள்ளைகளை அதற்குள் அணைத்துக்கொள்வார்கள். யூதர் பலருடைய நினைவில் இந்தச் சடங்கு என்பது அப்பாவின் சால்வைக்குள் இருந்த வெளிச்சமும் வெளியிலிருந்து வந்த குரலுமாகவே தங்கியிருக்கிறது.

கோஹனிமுக்குப் பின்புறம் நிற்பவர்கள் ஆசியில் சேரமாட்டார்கள் என்பது சட்டம். ஆகவே பேழைப் பக்கத்துச் சுவரோரம் இருப்பவர்கள் முன்னே வந்துவிட வேண்டும். ஆனால் வயலில் வேலை செய்துகொண்டிருப்பதால் வரமுடியாதவர்கள் சேர்வார்கள். கூடத்துக்குள் இருந்தும் சில அடி நகரச் சோம்பியவனுக்கு இல்லாத பங்கு, தொலைவில் உழைப்பவனுக்கு உண்டு. ஊரே கோஹனிமாக இருந்து எல்லாரும் மேடையேறினால் யாருக்கு ஆசி என்ற கேள்விக்கும், வயலில் உள்ள உடன்பிறந்தாருக்கு என்றே தல்மூத் விடை சொல்கிறது. நிழற்படம் எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க: திருநாளிலும் ஓய்வுநாளிலும் மரபுவழி ஆலயங்களில் கருவிகளையே இயக்கக் கூடாது.

இந்தக் கட்டுப்பாடுகள் இல்லாமல் இதைக் காண விரும்புவோர், பெசாக், சுக்கோத் விழாக்களின் இடைநாள்களில் எருசலேமின் மேற்குச் சுவர் முன் நடைபெறும் பேராசிக்குச் செல்லலாம். 1970களின் தொடக்கம் முதல் நடந்துவரும் அதில் நூற்றுக்கணக்கான கோஹனிம் ஒரே குரலில் சொல்ல, பல்லாயிரம் பேர் கேட்பார்கள்.

விலக்குகளும் ஐயங்களும்

கொலை செய்தவர், தவறுதலாகவேனும் உயிரைப் போக்கியவர், மணமுறிவு பெற்ற பெண்ணை மணந்துகொண்ட கோஹேன் ஆகியோர் மேடையேறுவதில்லை. முகத்திலோ கையிலோ பார்வையை ஈர்க்கும் குறையுடையவரையும் பழைய சட்டம் விலக்கியது; குறை இழிவானது என்பதற்காக அல்ல, மக்கள் அதையே பார்ப்பார்கள் என்பதற்காக. ஊரார் அவரைப் பார்த்துப் பழகியிருந்தாலும், சால்வையால் முகமும் கையும் மறைந்திருந்தாலும் அவர் ஏறலாம் என்று அதே சட்டம் கூறுவதிலிருந்து இது தெளிவாகும்.

நாணயமற்ற வணிகம் செய்பவர் கோஹேனாக இருந்தால்? 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிதெஸ் இதற்குத் தயக்கமின்றி விடை தந்தார்: அறிவிலியானாலும், ஊரார் குறைசொல்லும் நடத்தையுடையவரானாலும், கொடுக்கல் வாங்கலில் நேர்மையற்றவரானாலும் அவரைத் தடுக்கக் கூடாது. தீயவனைப் பார்த்து, இன்னும் ஒரு கட்டளையையும் மீறு என்று சொல்லலாமா? இந்த எளிய மனிதனின் ஆசியால் என்ன பயன் என்று வியக்கவும் வேண்டாம். ஆசி கிடைப்பது கோஹனிமைப் பொறுத்தது அன்று, இறைவனைப் பொறுத்தது. இந்தச் சடங்கைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடக் கூர்மையான விளக்கத்தை நான் கண்டதில்லை.

பெண்களைப் பொறுத்தவரை, மரபுவழி ஆலயங்களில் கோஹேனின் மகள் மேடையேறுவதில்லை. கன்சர்வேடிவ் பிரிவின் சில சபைகளில் ஏறுகிறார். பிறப்புவழிச் சிறப்புரிமையையே ஏற்காத சீர்திருத்தப் பிரிவில், ரபியே இந்த வரிகளைச் சொல்வது உண்டு.

ஆறாம் படி: முடிவு

‘ஷாலோம்’ என்ற சொல்லுக்குப் பின், அமிதாவின் இறுதி வேண்டலாகிய ‘சீம் ஷாலோம்’ தொடங்கும் வரை கோஹனிம் அசையக் கூடாது. பின்னர் பேழையை நோக்கித் திரும்பி, அதன்பிறகே விரல்களைத் தளர்த்தி, கைகளை இறக்கி, மெல்லிய குரலில் ஒரு வேண்டல் சொல்வார்கள்: உலகங்களின் தலைவரே, நீர் எங்களுக்கு விதித்ததை நாங்கள் செய்துவிட்டோம், நீர் எங்களுக்கு வாக்களித்ததைச் செய்யும். மக்களுக்கு ஆசி வழங்கியதற்கான பெருமிதம் இதில் சிறிதும் இல்லை. ஒப்புக்கொண்ட வேலையை முடித்தவர் எதிர்த்தரப்புக்கு அதன் கடமையை நினைவூட்டும் தொனியே இருக்கிறது.

இருக்கைக்குத் திரும்பும் வழியில் இருபுறமும் உள்ளவர்கள் கைகொடுத்து, “யிஷார் கோஹக்கா” (உம் வலிமை ஓங்குக) என்பார்கள். தொழுகை இன்னும் முடியாததால் காலணியை அணியும்போது கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டால் மீண்டும் கழுவ வேண்டும்.

கோஹேன் இல்லாத இடத்திலும், வீட்டிலும்

கூட்டத்தில் கோஹேன் எவரும் இல்லையெனில், அல்லது அஷ்கெநாசி ஆலயத்தின் சாதாரண நாள் எனில், தொழுகையை நடத்துபவரே வரிகளைச் சொல்வார். ஆனால் ஆசியாக அல்ல: ஆரோனும் அவன் மக்களும் சொன்ன மும்மடி ஆசியால் எங்களை ஆசீர்வதியும் என்று, மேற்கோளாகச் சொல்லி வேண்டுவார். கை உயராது, எவரும் முகத்தை மூடமாட்டார். மக்களின் மறுமொழியும் ஆமேன் அன்று, “கேன் யெஹி ராத்ஸோன்” (அப்படியே திருவுளமாகுக) என்பதே.

வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுநாள் உணவுக்கு முன், இதே வரிகள் எல்லார் வீட்டுக்கும் வருகின்றன. மகனுக்கு “எப்ராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும்”, மகளுக்கு “சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாளைப் போலவும்” இறைவன் உன்னை ஆக்குவாராக என்று தொடங்கி, பெற்றோர் பிள்ளையின் தலையில் கைவைத்துப் பதினைந்து சொற்களையும் சொல்வார்கள். அதற்குக் கோஹேனாக இருக்க வேண்டியதில்லை. காலணியைக் கழற்ற வேண்டியதில்லை. முகத்தை மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் இரு கைகளையும் வைக்கிறார்கள். ஆனால் 18ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் வில்னா காவோன், இரு கைகளால் ஆசி கூறுவது ஆலயத்துக் கோஹனிமுக்கே உரியது என்று சொல்லி, மணமகன் ஒருவரின் தலையில் ஒரே கையை வைத்து வாழ்த்தினார் என்றொரு மரபுச் செய்தி உண்டு. அதை ஏற்கும் வீடுகளில் இன்றும் தந்தையர் ஒரு கையை மட்டுமே வைக்கிறார்கள்.